சிவப்பு வெளிச்சம் எங்கே நின்றது?

போன பொங்கலுக்கு முந்தைய வாரம் வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தோம். மேசைக் கணினியின் பெட்டியைச் சுவரோரமாகத் தள்ளியபோது, பின்பக்கம் விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்த ஆப்டிகல் கேபிளின் தலை சுவரில் முட்டியது. ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம். அன்று மாலை பாட்டுப் போட்டால் ஆம்ப்ளிஃபையரிடமிருந்து மூச்சே இல்லை. கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். துளையின் வாயை மூடும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கதவு பெயர்ந்து உள்ளே கிடந்தது. எப்போதும் அதன் விளிம்பில் கசியும் சிவப்பு வெளிச்சத்தையும் காணோம்.

பழுதுபார்க்கும் கடையில் ஐந்து நிமிடம் புரட்டிப் பார்த்தார்கள். “ஆப்டிகல் போயிடுச்சு சார். அது போர்டோட சேர்ந்தது, மதர்போர்டத்தான் மாத்தணும்” என்றார்கள். பழைய போர்டை மாற்றினால் அதில் பொருந்திய பிராசசரும் மெமரியும் புதிய போர்டுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. விரல்நுனி அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் கட்டைக்காக நன்றாக ஓடும் கணினியையே கலைப்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. அதன்பிறகு இந்த ஒரு துளையைப் பற்றிப் படித்தும், கழற்றிப் பார்த்தும், தெரிந்தவர்களிடம் கேட்டும் சேர்த்ததை இங்கே தொகுக்கிறேன். நான் வந்து சேர்ந்த முடிவு இது: துளை உடைந்தால் என்ன செய்வது என்பது, அந்தத் துளை நமக்கு எதற்காக வேண்டியிருந்தது என்பதைப் பொறுத்தது. அதைக் கேட்காமல் சொல்லப்படும் எந்த யோசனையும் பணத்தை வீணாக்கும்.

இந்த இணைப்பின் பெயர் டாஸ்லிங்க். தோஷிபா நிறுவனம் 1983-இல் கொண்டுவந்தது. ‘தோஷிபா லிங்க்’ என்பதே அப்படிச் சுருங்கியது. முதல் சிடி பிளேயர் ஜப்பானில் கடைக்கு வந்தது 1982 அக்டோபரில். வட்டில் எண்களாகப் பதிந்த இசையை, நடுவில் அலையாக மாற்றாமல் எண்களாகவே ஆம்ப்ளிஃபையர் வரை கொண்டுபோக ஒரு வழி தேவைப்பட்டது. அந்த எண்களை எந்த ஒழுங்கில் அடுக்கி அனுப்புவது என்பதைச் சொல்லும் மொழிக்கு எஸ்பிடிஃப் என்று பெயர். சோனி, பிலிப்ஸ் இரண்டும் சேர்ந்து வகுத்தது, இன்று ஐஇசி 60958 என்ற தரநிலைக்குள் இருக்கிறது. இதே மொழியைச் செம்புக் கம்பியில் மின்துடிப்பாக அனுப்பினால் கோஆக்சியல். பிளாஸ்டிக் இழையில் ஒளித்துடிப்பாக அனுப்பினால் ஆப்டிகல். பயணி ஒருவர், வண்டி இரண்டு. பழுதுபார்ப்பில் எனக்குக் கைகொடுத்தது இந்தப் பிரிவுதான்.

மதர்போர்டில் சவுண்ட் சிப் ஒன்று இருக்கிறது. 48 கிலோஹெர்ட்ஸில் பாடும்போது அது நொடிக்கு 48,000 சட்டங்களை (ஃப்ரேம்), சட்டத்துக்கு 64 பிட் வீதம் வெளியே தள்ளுகிறது. அதாவது நொடிக்கு 30,72,000 பிட். இவ்வளவும் ஒரே ஒரு மெல்லிய செப்புத் தடத்தில் மின்சாரமாகவே ஓடிவந்து, பெட்டியின் பின்விளிம்பில் இருக்கும் கறுப்புக் கட்டைக்குள் நுழைகிறது. அந்தக் கட்டைக்குள் ஒரு சிவப்பு எல்இடியும் அதை எரியவைக்கும் சிறு சுற்றும் உண்டு. மின்துடிப்பு அங்கேதான் சுமார் 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியாகி, ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள அக்ரிலிக் இழையில் ஏறுகிறது. ஆகவே, துளை உடைந்தாலும் இசை போர்டின் ஓரம் வரை உயிரோடு வந்துகொண்டிருக்க வாய்ப்பு மிக அதிகம். கடைசி ஒரு சென்டிமீட்டரில்தான் அது வழியிழந்து நிற்கிறது. ‘போர்டு போய்விட்டது’ என்ற தீர்ப்பை இதனால்தான் நான் ஏற்கவில்லை.

ஆனால் உடைந்துவிட்டது என்று நாமாக முடிவுகட்டுவதற்கு முன் ஒன்று செய்ய வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு, கேபிளின் ஒரு முனையைக் கணினியில் செருகி, பாட்டை ஓடவிட்டு, மறுமுனையை ஒரு வெள்ளைத் தாளின் அருகே பிடியுங்கள். சிவப்புப் புள்ளி விழுந்தால் ஒளி பிறக்கிறது என்று பொருள்; கோளாறு வேறெங்கோ. மைக்ரோவாட் அளவிலான ஒளிதான், என்றாலும் கண்ணை ஒட்டிவைத்து உற்றுப் பார்க்கத் தேவையில்லை. தாளில் பார்த்தாலே போதும். புள்ளி விழவில்லையென்றால் அதே கேபிளை டிவியின் அல்லது செட்டாப் பெட்டியின் ஆப்டிகல் துளையில் மாட்டிப் பாருங்கள். அங்கே ஆம்ப்ளிஃபையர் பாடினால் கேபிளும் ஆம்ப்ளிஃபையரும் தப்பித்தன. புதுக் கேபிளாக இருந்தால் அதன் இரு முனைகளிலும் கண்ணாடிபோல் ஒரு குட்டி உறை இருக்கும். அதைக் கழற்ற மறந்துவிட்டு ‘போர்ட் அவுட்’ என்று நம்பியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஒளி வருகிறது, சத்தம் இல்லை என்றால் பெரும்பாலும் பழி மென்பொருளின் மேல்தான் விழ வேண்டும். விண்டோஸில் ‘டிஜிட்டல் அவுட்புட்’ என்பது இயல்புச் சாதனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதன் உள்ளே மாதிரி வீதம் 192 கிலோஹெர்ட்ஸ் என்று இருந்தால் பழைய ஆம்ப்ளிஃபையர்கள் பல அதைப் பிடித்துக்கொள்ளாமல் மௌனமாகிவிடும்; 48-க்கு இறக்கினால் உடனே பாடும். லினக்ஸில் ஆல்சாமிக்சரைத் திறந்தால் ஐஇசி958 என்ற பட்டை ஊமையாக்கப்பட்டு நிற்பதைக் காணலாம். எம் விசையை ஒருமுறை அழுத்தினால் திறந்துகொள்ளும். ஒவ்வொரு பாட்டின் முதல் அரை நொடி விழுங்கப்படுகிறது என்றால் அதுவும் துளையின் குற்றமில்லை. சும்மா இருக்கும் நேரத்தில் சவுண்ட் சிப் உறங்கிவிடுகிறது. விழித்ததும் ஆம்ப்ளிஃபையர் அதன் தாளத்தை மறுபடி பிடிக்க வேண்டியிருக்கிறது. மின்சேமிப்பு அமைப்பை நிறுத்தினால் சரியாகும்.

இத்தனையும் பார்த்தபின்னும் வெளிச்சமே இல்லையென்றால், இனி உடைசல்தான்.

உடைசல்களிலும் தரம் உண்டு. கதவு மட்டும் பெயர்ந்திருந்தால் அது பழுதே இல்லை. அந்தக் கதவின் வேலை தூசியைத் தடுப்பது மட்டுமே. பெயர்ந்த துண்டைக் கூர்நுனி இடுக்கியால் எடுத்துவிட்டுக் கேபிளைச் செருகினால் வேலை செய்யும். கேபிள் மாட்டாத நேரத்தில் துளையை மூடிவைத்தால் போதும். கேபிளைப் பிடித்துக்கொள்ளும் பக்கப் பற்கள் தேய்ந்திருந்தால், முனை தானாகவே ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கும். ஒளி இழைக்குள் சரியாக இறங்காமல் சத்தம் விட்டுவிட்டு வரும். கேபிளின் எடை துளையில் தொங்காதபடி பெட்டியோடு சேர்த்துக் கட்டிவிட்டால் இது பலருக்குத் தீர்ந்துவிடுகிறது. இன்னொரு வகை கொஞ்சம் வேதனையானது: கேபிளின் உருளை மூக்கு முறிந்து துளைக்குள்ளேயே தங்கிவிடுவது. டாஸ்லிங்க் முனை ஏறக்குறையச் சதுரமாக இருக்கும், இரண்டு மூலைகள் மட்டும் சீவியிருக்கும். இருட்டில், பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவி, தலைகீழாக வைத்து அழுத்துபவர்களுக்கு இது நேர்கிறது. மூக்கின் முனை வெளியே தெரிந்தால் இடுக்கியால் மெல்ல உருவலாம். பசை தடவிய குச்சியை உள்ளே விட்டு ஒட்டி இழுப்பவர்களும் உண்டு. பசை ஒரு துளி வழிந்து எல்இடியின் முகத்தில் பட்டால் அந்தக் கட்டையின் கதை முடிந்தது. கட்டையையே மாற்றப்போகிறோம் என்று முடிவெடுத்த பிறகு மட்டும் அதைச் செய்து பார்க்கலாம்.

கடைசி வகை, என்னுடையது: கட்டையே நெம்பப்பட்டு, அதன் கால்கள் பற்றவைப்பிலிருந்து விலகிவிட்டன, அல்லது உள்ளே எல்இடி முறிந்துவிட்டது. கட்டையை மாற்றலாமா? மாற்றலாம். பெரும்பாலும் மூன்றே கால்கள்: எர்த், மின்சாரம், சமிக்ஞை. எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில நூறு ரூபாய்க்குள் முடிகிற பாகம். வாங்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒளியை அனுப்பும் கட்டையும் ஒளியை வாங்கும் கட்டையும் வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். நமக்கு வேண்டியது அனுப்பும் வகை. அடுத்தது, சில கட்டைகள் 5 வோல்ட்டுக்கானவை, சில 3 வோல்ட்டுக்கானவை, சில இரண்டையும் தாங்குபவை. பழையதன் எண்ணைப் படித்து ஒப்பிட்டே வாங்க வேண்டும்.

கடினம் பாகத்தில் இல்லை, பழைய பாகத்தைக் கழற்றுவதில் இருக்கிறது. மதர்போர்டு பல அடுக்குகள் கொண்டது. எர்த் காலைச் சுற்றி உள்ளடுக்குகளில் அகலமான செப்புத் தகடு பரவியிருப்பதால், சால்டரிங் அயர்னின் சூட்டை அது குடித்துவிடும், ஈயம் உருகாது. பொறுமையிழந்து இழுத்தால் துளையின் உட்பூச்சும் தடமும் சேர்ந்து வந்துவிடும். ஹாட் ஏர் வைத்தால் பக்கத்திலிருக்கும் ஆடியோ ஜாக்குகளின் பிளாஸ்டிக் உருகும். குறைந்த வெப்பத்தில் உருகும் கலவை ஈயத்தைப் பழைய ஈயத்தோடு கலந்து எல்லாக் கால்களையும் ஒருசேர இளக்குவதுதான் தெரிந்தவர்கள் செய்யும் முறை. சிப் லெவல் சர்வீஸ் செய்கிறவரிடம் இது அரைமணி வேலை. வீட்டில் முதன்முறையாகச் செய்து பார்க்கிறவருக்கு மதர்போர்டைப் பலிகொடுக்கும் வேலை. பழகாத கைக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

அதைவிட நல்ல வழியொன்று பல போர்டுகளில் கண்ணெதிரே இருக்கிறது. போர்டின் கீழ் விளிம்பிலோ ஆடியோ பகுதியின் அருகிலோ ‘எஸ்பிடிஃப் அவுட்’ என்று பொறித்த மூன்று நான்கு ஊசிகள் நிற்கும். ஒரு காலத்தில் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுகளுக்குச் சொந்தமாக ஒலி கிடையாது. ஜீஃபோர்ஸ் 8, 9, 200 வரிசைக் கார்டுகள் பலவற்றில் எச்டிஎம்ஐ வழியே ஒலி வர வேண்டுமானால், இந்த ஊசிகளிலிருந்து ஒரு சிறு கம்பியை இழுத்துக் கார்டில் செருகுவார்கள். இன்று அந்தத் தேவை இல்லை, என்றாலும் ஊசிகள் பல போர்டுகளில் தங்கிவிட்டன. பின்பக்கத் துளைக்குப் போகும் அதே எண்வரிசை பெரும்பாலும் இங்கேயும் வருகிறது. ஆப்டிகல் கட்டை பொருத்திய ஒரு தகரப் பட்டையை இதில் இணைத்து, கார்டு மாட்டும் காலியிடம் ஒன்றில் திருகினால் புதிய துளை தயார். சால்டரிங் அயர்ன் தேவையே இல்லை.

எச்சரிக்கை ஒன்று. இந்த ஊசிகளின் வரிசை எல்லாத் தயாரிப்பாளர்களிடமும் ஒன்றுபோல் இல்லை. மின்சாரமும் எர்த்தும் இடம் மாறினால் புதுக் கட்டை அடுத்த நொடியே இறந்துவிடும். போர்டின் கையேட்டில் உள்ள படத்தைப் பார்த்தபின்பே மாட்ட வேண்டும். ஊசியில் உயிர் இருக்கிறதா என்று சாதாரண மல்டிமீட்டராலேயே சோதிக்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு. எஸ்பிடிஃப் பயன்படுத்தும் குறியீட்டுமுறையில் துடிப்பு மேலே இருக்கும் நேரமும் கீழே இருக்கும் நேரமும் சராசரியில் சமம். ஆகவே பாட்டு ஓடும்போது மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துச் சமிக்ஞை ஊசியைத் தொட்டால், துடிப்பின் உயரத்தில் ஏறக்குறையப் பாதியைக் காட்டும். 5 வோல்ட் துடிப்பென்றால் இரண்டரை, 3.3 என்றால் ஒன்றரைக்குச் சற்று மேல். பூஜ்யத்திலோ முழு அளவிலோ அசையாமல் நின்றால் அங்கே எதுவும் ஓடவில்லை. ஆசிலாஸ்கோப் இருப்பவரிடம் போனால் துடிப்பையே கண்ணால் பார்க்கலாம்.

என் போர்டில் மீட்டர் இரண்டரையைக் காட்டியபோது எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லித் தீராது. இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட போர்டு அத்தனை நாளும் பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

ஊசிகளும் இல்லாத போர்டு என்றால்? அப்போதுதான் முதலில் சொன்ன கேள்வி வருகிறது: ஆப்டிகல் எதற்கு வேண்டும்? நான் பார்த்தவரை மூன்று காரணங்கள்.

முதலாவது, இரைச்சல். கணினி ஒரு பிளக்கில், ஆம்ப்ளிஃபையர் இன்னொரு பிளக்கில், டிவிக்கு வெளியிலிருந்து வரும் கேபிள் வேறொரு எர்த்தில் என்றிருந்தால், செம்புக் கம்பியால் இணைத்ததும் எர்த்துகளுக்கிடையே ஒரு வளையம் உண்டாகி, 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் ‘உம்ம்ம்’ என்று ஸ்பீக்கரில் கேட்கும். எர்த் சரியாகப் போடாத வீடுகள் மலிந்த நம் ஊரில் இது அன்றாடத் தொல்லை. பிளாஸ்டிக் இழையில் மின்சாரம் போகாது. வளையம் அங்கேயே அறுந்துவிடும். இந்த இரைச்சலைப் போக்க பிளக்கின் எர்த் காலை வெட்டிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மின்கசிவு வந்தால் உயிரைக் காப்பது அந்தக் கால்தான்.

இரைச்சலுக்காக ஆப்டிகலை நாடியவர்களுக்குச் சரியான மாற்று, ஆப்டிகல் வெளியீடு உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு. கணினியிலிருந்து அதுவரை செம்பு, அதன்பின் மறுபடியும் ஒளி. காப்பு அப்படியே இருக்கும். உள்ளே ஸ்லாட் காலியாக இருந்தால் ஆப்டிகல் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டும் ஆகும். நான் யுஎஸ்பியையே விரும்புகிறேன். அடிபடும் துளை இனி விலையுயர்ந்த போர்டில் இருக்காது. மேசைமேல், கண்ணில் படும் இடத்தில், தனியாக மாற்றக்கூடிய ஒரு பெட்டியில் இருக்கும்.

இரண்டாவது காரணம் 5.1, அதாவது ஆறு தட (சேனல்) ஒலி. இங்கேதான் ஏமாற்றங்கள் அதிகம். எஸ்பிடிஃப் மொழியில் சுருக்காத ஒலி இரண்டு தடங்களுக்கு மேல் போகாது. ஆறு தடங்கள் போக வேண்டுமானால் டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ சுருக்கி அனுப்ப வேண்டும். படக்கோப்பு ஏற்கெனவே அந்த வடிவில் இருந்தால் அப்படியே கடத்தலாம். விளையாட்டுகளின் ஒலியென்றால் டால்பி டிஜிட்டல் லைவ் போன்ற உடனடிச் சுருக்கி வேண்டும். சில யுஎஸ்பி கருவிகள் விண்டோஸிடம் தம்மை வெறும் ‘ஸ்பீக்கர்’ என்று சொல்லிக்கொள்கின்றன. அப்போது டால்பியைக் கடத்தும் தெரிவே திரையில் வராது, இரண்டு தடங்கள்தான் மிஞ்சும். 5.1 வேண்டுபவர்கள் வாங்குமுன் கருவி ‘டால்பி டிஜிட்டல் பாஸ்த்ரூ’ செய்யுமா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தனை வரம்பும் ஒளியின் குறை என்று நினைத்துவிடக் கூடாது. இதே துளை, இதே இழை வழியாக ஒலிப்பதிவுக் கூடங்களில் அலெசிஸ் நிறுவனத்தின் ஏடாட் முறையில் எட்டுத் தடங்கள் சுருக்காமல் போகின்றன. வீட்டுக் கருவிகளுக்கு வகுத்த மொழி இரண்டோடு நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

ஆம்ப்ளிஃபையரில் எச்டிஎம்ஐ இருந்தால் 5.1 பிரியர்கள் ஆப்டிகலுக்காக வருந்தவே வேண்டாம். கிராஃபிக்ஸ் வெளியீட்டிலிருந்து நேராக எச்டிஎம்ஐ கொடுத்தால் சுருக்காத எட்டுத் தடங்கள் வரை போகும். ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி போன்றவையும் போகும். ஆம்ப்ளிஃபையரில் எச்டிஎம்ஐ இல்லையென்றால், எச்டிஎம்ஐயிலிருந்து ஒலியைப் பிரித்து ஆப்டிகலில் தரும் எக்ஸ்ட்ராக்டர் கிடைக்கிறது. மானிட்டருக்குப் போகும் வழியில் அதை நுழைத்தால் நன்றாக உழைக்கும். தனிக் கம்பியில் மாட்டினாலோ கணினி அதை இரண்டாவது மானிட்டராக எண்ணிக்கொள்ளும். மவுஸ் அம்பு கண்ணுக்குத் தெரியாத திரைக்குள் ஓடி மறையும். அதன் பக்கத்திலுள்ள 2 தடம், 5.1 என்ற சின்ன சுவிட்சைச் சரியாக வைக்காமல் பெட்டியைக் குறைசொல்கிறவர்களும் உண்டு.

மூன்றாவது காரணம் பழக்கம். ‘டிஜிட்டல் என்றால் சுத்தம்’ என்று மாட்டிவைத்தவர்கள். இரண்டு ஸ்பீக்கரில் பாட்டு மட்டும் கேட்கிறீர்கள், இரைச்சலும் இல்லை என்றால், பச்சை ஜாக்கிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு சாதாரண ஆர்சிஏ கம்பி போதும். கடந்த சில ஆண்டுகளின் மதர்போர்டு சவுண்ட் சிப்புகள் அதற்குத் தாராளமாகத் தகுதியானவை. இதைச் சொன்னால் சிலர் கோபப்படுகிறார்கள்; ஒரு மாலை கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். புளூடூத் இன்னும் சுலபம், ஆனால் படத்தில் உதடும் குரலும் விலகக்கூடும். போர்டில் கோஆக்சியல் துளை இருந்தால், கோஆக்சியலை ஆப்டிகலாக்கும் சிறு பெட்டி ஒன்று போதும். 5 வோல்ட் மின்சாரம் மட்டும் அதற்குத் தனியாக வேண்டும்.

இந்தத் துளையே மெல்ல விடைபெற்றுக்கொண்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிளேஸ்டேஷன் 4-இன் மெலிந்த வடிவத்தில் 2016-இல் அதை எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஆப்பிளின் மேக்புக் ப்ரோ, ஹெட்போன் ஜாக்குக்குள் ஒளிந்திருந்த ஆப்டிகலைக் கைவிட்டது. 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இலும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸிலும் அது இல்லை. ஆனால் அலமாரிகளில் இருபது வருடமாக நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் ஆம்ப்ளிஃபையர்கள் எத்தனையோ. அவற்றில் பலவற்றுக்கு எச்டிஎம்ஐ தெரியாது. கணினியோடு எண்களில் பேச அவற்றுக்குத் தெரிந்தது இந்த ஒளிவாசல்தான். நல்ல ஆம்ப்ளிஃபையர் ஒன்று குப்பைக்குப் போகாமலிருக்க ஒரு பட்டையும் மூன்று கம்பிகளும் போதுமென்றால், அந்த உழைப்பை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

என் கணினியில் இப்போது அந்தப் பட்டைதான் இருக்கிறது. பழைய துளையின் மேல் ஒரு ரப்பர் மூடியை ஒட்டிவிட்டேன். புதிய துளையிலிருந்து வரும் கேபிள் கூர்மையாக மடங்காமல் அகலமாக வளைந்து வர, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, அதற்குக் குறையாதபடி தரையில் ஒரு மரச்சட்டத்தை வைத்திருக்கிறேன். இனி யார் பெட்டியைத் தள்ளினாலும் அந்தச் சட்டம்தான் முட்டும்.